வாசகர் கேள்வி: மாயாவியும் வண்ணத் தாள்களும்

கேள்வி: பழைய கறுப்பு வெள்ளைக் காமிக்ஸே உயர்ந்தது என்று மூத்தவர்கள் சாதிப்பது வெறும் நினைவு மயக்கம்தானே? (வாசகர், கோபிசெட்டிபாளையம்)

பதில்: பாதி மயக்கம், மீதி நியாயம். 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த இரும்புக்கை மாயாவி, 1962-இல் பிரிட்டனின் வேலியண்ட் இதழில் தொடங்கிய தொடர். மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் நிற்கும் அந்தக் காட்சிகளை ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ மைக்கருமையாலும் வெற்றிடத்தாலுமே உருவாக்கினார் என்பதால், அவற்றுக்கு வண்ணம் பூசினால் மர்மம்தான் வெளுத்துப்போகும். சோமனூரில் தறி ஓட்டிய என் சித்தப்பா, அட்டை கிழிந்த இதழ்களைப் பாவு நூலால் தைத்து வைத்திருந்தார். பழுப்பேறிய அந்தத் தாளில் எழுத்து மறுபக்கம் ஊடுருவித் தெரியும், சில கட்டங்களில் முகமே மைத்திட்டாக இருக்கும். அதையும் அழகு என்று வாதிட நான் தயாரில்லை.

கேள்வி: அப்படியானால் இப்போதைய இதழ்கள்?

பதில்: தொடக்கத்திலேயே வண்ணத்துக்கெனத் தீட்டப்பட்ட பிராங்கோ-பெல்ஜிய (பிரான்ஸ், பெல்ஜியம் நாடுகளின் பிரெஞ்சு மொழி) சித்திரக்கதைகளுக்குப் பெரிய அளவும் வழவழப்பான தாளும் அவசியமே. தமிழில் ‘இரத்தப் படலம்’ என வந்த, வான் ஹாம் எழுதி வில்லியம் வான்ஸ் வரைந்த தொடரைச் சிறிய கறுப்பு வெள்ளைப் பக்கத்தில் படித்தவர்கள், வான்ஸின் கடலையும் பனியையும் சரியாகப் பார்க்கவே இல்லை என்பேன். என் குறை விலையில்தான்: பள்ளிக்கூடப் பையன் கைக்காசில் வாங்கியது, இன்று சம்பளக்காரர் யோசித்து வாங்கும் பொருளாகிவிட்டது.