பாட்டிலைத் திருப்பிக் கேட்டார்கள்

கேள்வி: போர்க்கைதிகள் காற்பந்து ஆடும் 'எஸ்கேப் டு விக்டரி' படத்தை அப்பா இன்னும் புகழ்கிறார். இந்தக் கதை அதற்கு முன்பே படமாகிவிட்டது என்கிறான் நண்பன். உண்மையா ஐயா?
(வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: நண்பன் சொல்வது சரிதான், தம்பி. அப்பா சொல்வது 1981இல் வந்தது. பெலே அந்தரத்தில் புரண்டு கோல் போடுவாரே, அந்தப் படம். 1961லேயே ஹங்கேரியில் சோல்தான் ஃபாப்ரி கறுப்பு வெள்ளையில் எடுத்துவிட்டார். பெயருக்கு 'நரகத்தில் இரு பாதிகள்' என்று பொருள்.

1944. ஹிட்லர் பிறந்தநாளுக்கு ஜெர்மானியரோடு ஆட, கட்டாய உழைப்பில் கிடக்கும் ஹங்கேரியர்களிடம் ஆள் கேட்கிறார்கள். பழைய ஆட்டக்காரர் ஓனோடி முதலில் கேட்பது கூடுதல் சாப்பாடு, ஒரு பந்து, வேலையிலிருந்து விலக்கு. பந்தைத் தொடாதவன் ஒருவனும் ஆடத் தெரியும் என்று புளுகி உள்ளே வந்துவிடுகிறான். பசி!

அண்ணன் மகன் கணினியில் போட்டுக் காட்டினான். அந்த இடத்தில் எங்கள் மாமாதான் மனதில் வந்து நின்றார். ரப்பர் தோட்டத்துக் காற்பந்துக் குழுவில் சேர்ந்தால் சாயங்காலம் அரை ரொட்டியும் பால் டீயும் உண்டு. மாமாவுக்கு ஆட்டம் தெரியாது, உயரம் இருந்தது. கோல் காக்க நிறுத்திவிட்டார்கள். இறுதியாட்டத்தில் முட்டி கம்பத்தில் மோதியது. நொண்டிக்கொண்டே நின்றார். ஜெயித்தோம். மறுநாள் விடிவதற்குள் பெரட்டுக்கும், அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கும், போனார். மரத்தடியில் குந்தி அடிப்பட்டையில் கத்தி வைக்க முடியவில்லை. பால்வெட்டு பறிபோய்ப் புல்வெட்டுக்குப் போனார், சம்பளமும் குறைந்தது. கேடயம் ஆபீஸ் கண்ணாடி அலமாரியில். மாமா வீட்டுக்கு வந்தது ஆறு ஆரஞ்சு சோடா. பாட்டிலைத் திருப்பிக் கேட்டார்கள்.

1981 படத்தின் முடிவில் ரசிகர் கூட்டம் திடலுக்குள் பாய்கிறது, கைதிகள் அதோடு கலந்து தப்புகிறார்கள். ஹங்கேரியப் படத்தில் ஜெயித்தவர்களை அங்கேயே சுட்டுத் தள்ளுகிறார்கள். அப்பாவிடம் முடிவைச் சொல்லாமல் போட்டுக் காட்டுங்கள்.

கேள்வி: அதற்கும் முந்தைய காற்பந்துப் படம் ஒன்று சொல்லுங்களேன்.
(அதே வாசகர்)

பதில்: விடமாட்டீர்கள் போல! 1939இல் வந்த 'தி ஆர்சனல் ஸ்டேடியம் மிஸ்டரி'. லண்டன் காற்பந்துக் குழுவான ஆர்சனலின் நிஜ ஆட்டக்காரர்களும் அவர்களின் மேலாளர் ஜார்ஜ் அலிசனும் நடித்தார்கள். ஆட்டத்தின் நடுவே எதிரணிக்காரர் சுருண்டு விழுகிறார், விஷம். துப்பறிய வரும் இன்ஸ்பெக்டர் தொப்பியை மாற்றிக்கொண்டே இருப்பார். கொலைகாரனைவிட எனக்கு அந்தத் தொப்பிகள்தான் ஞாபகம் இருக்கின்றன.