பீஸ்ட்மென் படையின் பிரைமல் ஃப்யூரி முதல் சுற்றுக்கு மட்டும்தானா?

பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்திப் பகடை உருட்டி ஆடும் வார்ஹாமர் ஃபேன்டஸியின் எட்டாம் பதிப்பில், பீஸ்ட்மென் என்ற மிருகமனிதர் படையை வைத்து ஆடுவதாகச் சொல்லி, மூன்று சந்தேகங்களைக் கேட்டிருக்கிறீர்கள். பிரைமல் ஃப்யூரி என்ற சிறப்பு விதி தரும் மறுவீச்சு (தவறிய பகடையை மறுபடி உருட்டும் உரிமை) சண்டையின் முதல் சுற்றோடு தீர்ந்துவிடும் என்றும், அந்தச் சோதனையில் தோற்றால் படை முழுவதற்கும் பொதுவான படைக்கொடியைச் சொல்லி மீண்டும் உருட்ட முடியாது என்றும், பதுங்கியிருந்து வரும் மந்தை (பீஸ்ட்மென் அணி) மேசைக்கு வந்த டர்னிலேயே சார்ஜ் செய்யக் கூடாது, அதாவது எதிரி மேல் பாயக் கூடாது என்றும் உங்கள் எதிராளி சொல்கிறார். முதல் இரண்டிலும் அவர் சொல்வது தவறு. மூன்றாவதில் அவர் சொல்வதே சரி.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உங்கள் எதிராளி பல வருடம் ஆடியவர், நீங்கள் புதியவர், அவர் பக்கத்தைத் திருப்பிக் காட்டியதும் நீங்கள் பேசாமல் பகடையைக் கீழே வைத்துவிட்டீர்கள் என்று நானாகவே ஊகித்துக்கொள்கிறேன். கேள்வியில் அப்படி ஒரு வார்த்தையும் இல்லை. எனக்கு அப்படித்தான் நடந்தது என்பதால் உங்களுக்கும் அப்படியே நடந்திருக்கும் என்று தோன்றுகிறது.

முதலில் விதியைப் பார்த்துவிடுவோம். ஒவ்வொரு கைகலப்புக் கட்டத்தின் தொடக்கத்திலும், சண்டையில் இருக்கும் பீஸ்ட்மென் அணி ஒரு லீடர்ஷிப் சோதனை எடுக்க வேண்டும்: இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகை அணியின் லீடர்ஷிப் எண்ணைத் தாண்டாமல் இருந்தால் வெற்றி. வென்றால் அந்தக் கட்டம் முழுவதும் அதற்கு ஹேட்ரெட் கிடைக்கும், அதாவது அடி படுகிறதா என்று பார்க்கும் ஹிட் பகடைகளில் தவறியவற்றை எல்லாம் மறுபடி உருட்டலாம். இரண்டு ஒன்றுகள் விழுந்து வென்றால் கூடுதல் தாக்குதல் தரும் ஃபிரென்சியும் சேர்ந்து வரும். சிக்கல் எங்கே வருகிறதென்றால், பொது விதிநூலில் ஹேட்ரெட் என்பது ஒரு சண்டையின் முதல் சுற்றில் மட்டும் செல்லுபடியாகும் விதி. ஆகவே பிரைமல் ஃப்யூரியும் முதல் சுற்றோடு முடிந்தது என்று ஒருவர் வாதிட்டால் அது கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு கட்டத் தொடக்கத்திலும் சோதனை எடு என்று பீஸ்ட்மென்னுக்கென்றே உள்ள படைநூல் சொல்லும்போது, இரண்டாவது சுற்றில் வென்றும் ஒன்றும் கிடைக்காது என்றால் அந்தச் சோதனையை எதற்காக எடுக்கச் சொல்கிறார்கள்? பொது விதிநூலும் படைநூலும் முட்டிக்கொண்டால் படைநூலே செல்லும் என்று எட்டாம் பதிப்பின் விதிநூலிலேயே எழுதியிருக்கிறது. "ஹேட்ரெட் என்ற சொல்லை எழுதிவிட்டால் அதன் வரம்பும் ஒட்டிக்கொண்டுதானே வரும்" என்று பதிலுக்கு யாராவது எழுதுவார் என்று தெரியும். வரட்டும். சொல்லின் பெயரை விட, அது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்று எழுதியிருப்பதைத்தான் நான் முதலில் படிப்பேன். இங்கே தொடக்கமும் முடிவும் அந்தக் கட்டத்திற்குள்தான் இருக்கின்றன.

கொடியைப் பற்றிய குழப்பத்திற்கு ஒரு வரலாற்றுக் காரணம் உண்டு. பீஸ்ட்மென் படைநூல் வெளியானது 2010 பிப்ரவரியில். அப்போது நடப்பில் இருந்தது ஏழாம் பதிப்பு. அதே வருடம் ஜூலையில் எட்டாம் பதிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு 2015இல் அந்த ஆட்டத்தின் காலம் முடியும்வரை பீஸ்ட்மென்னுக்குப் புதிய படைநூல் வரவே இல்லை. ஏழாம் பதிப்பில் படைக்கொடி சண்டையில் தோற்ற அணி ஓடாமல் நிற்கிறதா என்று பார்க்கும் பிரேக் சோதனையை மட்டுமே மறுவீச்சு செய்ய உதவும். எட்டாம் பதிப்பில் கொடியைச் சுற்றிப் பன்னிரண்டு அங்குலத்திற்குள் இருக்கும் நம் அணிகள் தோற்ற எந்த லீடர்ஷிப் சோதனையையும் மறுபடி உருட்டலாம். பிரைமல் ஃப்யூரியும் லீடர்ஷிப் சோதனைதான். அதாவது படைநூலில் ஒரு எழுத்துகூட மாறாமல், ஐந்து மாத இடைவெளியில், வெளியிலிருந்து நம் மந்தைகளுக்கு ஒரு பெரிய வரம் வந்து சேர்ந்தது. ஏழாம் பதிப்பில் கற்றவர்கள் அதைக் கவனிக்காமல் போவது இயல்பு. உங்கள் எதிராளியும் அப்படிப்பட்டவராகத்தான் இருக்க வேண்டும். ஆறு மாதம் நானும் அப்படித்தான் இருந்தேன்.

இது சின்ன வித்தியாசம் என்று நினைக்காதீர்கள். பீஸ்ட்மென்னின் சாதாரணக் காலாட்களான கோர்களின் சொந்த லீடர்ஷிப் 7. இரண்டு பகடையில் அதை வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 58. பீஸ்ட்லார்டு தளபதியாகப் பன்னிரண்டு அங்குலத்திற்குள் நின்றால் அவருடைய 9ஐப் பயன்படுத்தலாம். வாய்ப்பு 83 ஆகிவிடும். கூடவே கொடியும் எட்டும் தூரத்தில் இருந்தால் 97க்கு மேல். தளபதியைத் தொலைவில் விட்டுவிட்டுக் கொடியை மட்டும் பக்கத்தில் வைத்துக்கொண்டால்கூட, கோர்கள் தங்கள் 7ஐ வைத்தே 82ஐத் தாண்டிவிடுவார்கள்.

இப்போது என் கதை.

ஒரு நாள் போட்டி, மூன்றாவது ஆட்டம். எதிரில் எம்பயர் என்ற மனிதர் படை. அதன் நடுவில் கிரேட்ஸ்வார்டுகள் எனும் பெருவாள் வீரர்கள் முப்பது பேர், ஆறு பேர் அகலத்தில். என் பக்கமும் முப்பது கோர்கள், அதே அகலம், இரண்டு கையிலும் ஆயுதம். பின்னால் பீஸ்ட்லார்டு. படைக்கொடி பிடித்த வார்கோர் பொம்மைக்கு வலப்பக்கக் கொம்பு முதல் ஆட்டத்திலேயே முறிந்து, பசையும் சரியாகக் காயாமல், சற்றே வெளிப்பக்கம் சாய்ந்து நின்றது. எட்டாம் பதிப்பில் எப்போது வேண்டுமானாலும் அளக்கலாம் என்பதால் டேப்பை இழுத்துப் பார்த்துத்தான் அவரை நிறுத்தியிருந்தேன்: அவருடைய அடித்தட்டின் ஓரத்திலிருந்து மந்தையின் கடைசி வரிசை வரை பதினொன்றரை அங்குலம்.

நான் சார்ஜ் செய்தேன். முதல் சுற்றின் சோதனையில் இரண்டு ஒன்றுகள் விழுந்தன. மகிழ்ச்சியில் கத்தியிருப்பேன் என்று நினைக்கிறேன், பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சுற்றில் எதிரிகள் ஆறு பேர் விழுந்தார்கள், என் பக்கம் ஐந்து. சார்ஜ் செய்ததற்கான ஒரு புள்ளியும் சேர்ந்து இரண்டு புள்ளியில் வென்றேன். ஆனால் கிரேட்ஸ்வார்டுகளுக்கு, தோற்றாலும் லீடர்ஷிப் குறையாத ஸ்டபர்ன் விதி உண்டு என்பதால் தங்கள் 8ஐ வைத்து நின்றுவிட்டார்கள்.

அடுத்த டர்ன் எம்பயர் படைக்காரருடையது. கைகலப்புக் கட்டம் வந்ததும் சோதனைக்காக இரண்டு பகடைகளைக் கையில் எடுத்தேன். அவர் மேசை மேல் கையை மெல்ல வைத்து, "தம்பி, ஹேட்ரெட் முதல் சுற்றுக்குத்தான்" என்றார். பொது விதிநூலைத் திறந்து அந்தப் பத்தியின் மேல் விரலை வைத்துக் காட்டினார். அவர் காட்டிய வரி அங்கே இருந்தது உண்மை. எடுத்துக் காட்டியிருக்க வேண்டிய புத்தகம் வேறு, அது மேசைக்கு அடியில் என் பெட்டியில், பொம்மைகளை அடுக்கி வந்த நுரைத் தட்டுகளுக்குக் கீழே கிடந்தது. குனிந்து எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. "இல்லண்ணா, படைநூல்ல ஒவ்வொரு கட்டத்துக்கும்னு இருக்கு" என்று மட்டும் முனகினேன். ஒருங்கிணைப்பாளர் வந்தார், நேரம் ஓடுகிறது என்றார், ஒரு பகடையை உருட்டித் தீர்த்துக்கொள்ளுங்கள், நான்குக்கு மேல் என்றால் தம்பி சொல்வது செல்லும் என்றார். இரண்டு விழுந்தது.

தகராறு வந்தால் பகடையில் தீர்த்துக்கொண்டு ஆட்டத்தைத் தொடருங்கள் என்பது விதிநூலே சொல்லும் வழிதான். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அச்சில் விடை இருக்கும் கேள்விக்கும், விடையே இல்லாத கேள்விக்கும் ஒரே பகடையை நீட்டுவது சரியா என்று எனக்கு இன்றும் கேட்கத் தோன்றுகிறது. 

மறுவீச்சு இல்லாமல் பத்தொன்பது பகடைகளை உருட்டினேன். எட்டு ஹிட், அதில் நான்கு வூண்ட் (காயம்), அதில் இரண்டை அவருடைய கவசம் தடுத்தது. அவர் என்னில் ஐந்து பேரை வீழ்த்தினார். இரு பக்கமும் வரிசைகள் மூன்று மூன்றாகச் சமமாக நின்றன. எதிரியை விட ஒரு வரிசையாவது கூடுதலாக இருந்தால்தான் ஸ்டெட்ஃபாஸ்ட் (தோல்விப் புள்ளி கழியாத சலுகை) என்பதால் அதுவும் கிடைக்கவில்லை. மூன்று புள்ளியில் தோல்வி. 9இலிருந்து மூன்று போக 6, உருட்டினேன், தோற்றேன், கொடியைச் சொல்லி மறுபடி உருட்டினேன், மறுபடி தோற்றேன். ஓடிய மந்தையைத் துரத்திப் பிடித்துவிட்டார்கள். அதோடு ஆட்டமும் போயிற்று.

அந்த ஆட்டத்தைப் பல வருடங்கள் கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். விதி தெரிந்தும் வாய் திறக்காததால் தோற்றேன் என்பதில் ஒரு விதப் பெருமைகூட இருந்தது என்று இப்போது தெரிகிறது.

பிறகு ஒரு நாள், புதிதாக ஆட வந்த ஒருவருக்கு இதே விதிகளை விளக்கும்போது, பின்வரிசைத் தாக்குதல் பற்றிய பகுதியை வாய்விட்டுப் படிக்க வேண்டி வந்தது. கோர் போன்ற காலாட்படையில் இரண்டாம் வரிசையில் நிற்பவர் என்ன ஆயுதம் வைத்திருந்தாலும், என்ன சிறப்பு விதி இருந்தாலும், ஒரே ஒரு தாக்குதல்தான் செய்ய முடியும். ஃபிரென்சி வந்தால் முன்வரிசைக்கு மட்டுமே கூடும். படித்துக்கொண்டிருந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். அன்று இரண்டு ஒன்றுகள் விழுந்த மகிழ்ச்சியில், பின்வரிசை ஆறு பேருக்கும் இரண்டு இரண்டு பகடை எண்ணி எடுத்தது நினைவுக்கு வந்தது. இருபத்தைந்து உருட்ட வேண்டிய இடத்தில் முப்பத்தொன்று உருட்டியிருக்கிறேன். எதிரில் இருந்த அண்ணனும் அதைக் கவனிக்கவில்லை.

காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்குச் சேராத அந்த ஆறு தாக்குதல்களால், சராசரியாக, அவருக்கு ஓர் ஆளுக்குச் சற்று மேல் நஷ்டம். அவர் மறுத்த மறுவீச்சால் எனக்கு நஷ்டம், அதுவும் சராசரியாக, ஓர் ஆளுக்குச் சற்று மேல். பத்தொன்பது தாக்குதலில் மறுவீச்சு இல்லாவிட்டால் இரண்டரைக்குக் கொஞ்சம் குறைவாக விழுவார்கள், இருந்தால் மூன்றரைக்குக் கொஞ்சம் மேல். இத்தனை வருடம் நான் தூக்கிச் சுமந்த குறை, நானே முந்தின சுற்றில் எடுத்துக்கொண்ட ஆளோடு நேராகிப் போனது.

இதைப் படித்துவிட்டு, "பொம்மைகளை வைத்து ஆடும் ஆட்டத்திற்கு இத்தனை கணக்கா" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. கணக்குப் பிடிக்காதவர் கையில் பகடை ஆட்டம் ஏன் இருக்கிறது என்று மட்டும் கேட்பேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். படைநூலில் பிரைமல் ஃப்யூரி இருக்கும் பக்கத்திலும், பொது விதிநூலில் படைக்கொடி பற்றிய பக்கத்திலும் அடையாளத்தாள் வையுங்கள். எட்டாம் பதிப்புக்காக வந்த திருத்தப் பட்டியலையும் அச்செடுத்துக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அணிகளை நிறுத்தும் முன்பே, சண்டை சூடேறுவதற்கு வெகு முன்னால், எதிராளியிடம் இரண்டு பக்கங்களையும் காட்டிவிடுங்கள். தோற்ற சோதனையைத்தான் மறுவீச்சு செய்யலாம்; வென்ற சோதனையை, இரண்டு ஒன்றுகள் விழுமே என்ற ஆசையில் மறுபடி உருட்டக் கூடாது. மறுவீச்சை இன்னொரு முறை மறுவீச்சு செய்யவும் கூடாது. பின்வரிசைக்கு ஒரு தாக்குதல்தான் என்பதையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

நீங்கள் ஆடுவது இதே உலகை வைத்து 2024 ஜனவரியில் வந்த தி ஓல்டு வேர்ல்டு என்ற புதிய ஆட்டம் என்றால், நான் மேலே எழுதியதை அங்கே கொண்டுபோகாதீர்கள். அதிலும் பிரைமல் ஃப்யூரி என்ற பெயரில் ஒரு விதி இருக்கிறது, ஆனால் வாசகம் வேறு.

பதுங்கி வரும் மந்தை பற்றிய மூன்றாவது கேள்வியில் உங்கள் எதிராளியோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். மேசையின் எந்த ஓரத்திலிருந்து வருவது என்பதே பகடையின் கையில் இருக்கிறது. வந்து சேர்ந்த டர்னில் சார்ஜ் கிடையாது, அடுத்த டர்ன் வரை காத்திருக்க வேண்டும். வில் வைத்திருக்கும் அங்கோர் ரெய்டர்களை அனுப்பினால், நகர்ந்ததற்கான ஒரு புள்ளிக் குறைவோடு, வந்த டர்னிலேயே அம்பு எய்யலாம். நான் அவர்களைத்தான் அனுப்புவேன்.