வேஸ்ட்லேண்ட் 3: பலம் எங்கே, பலவீனம் எங்கே? சேலம் வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

சேலம், ஏற்காடு பக்கத்து வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே வீடியோ விளையாட்டைப் பற்றியவை. இன்எக்ஸைல் நிறுவனம் உருவாக்கி, 2020 ஆகஸ்டு 28 அன்று வெளியான வேஸ்ட்லேண்ட் 3. எனக்கு மிகவும் பிடித்த விளையாட்டு. அதனால்தான் அதன் குறைகளையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அஸ்தம்பட்டி வாசகர்: அண்ணா, நான் இதுவரை கிரிக்கெட், கார் பந்தய விளையாட்டுகள் மட்டும்தான் ஆடியிருக்கிறேன். இது எப்படிப்பட்டது? எனக்கு ஒத்துவருமா?

அணு ஆயுதப் போரில் உலகம் அழிந்து பல தலைமுறைகள் ஆகிவிட்டன. அரிசோனா பாலைவனத்தில் மக்களைக் காத்துவரும் ரேஞ்சர்கள் என்ற படை பட்டினியின் விளிம்பில் நிற்கிறது. பனி மூடிய கொலராடோவை ஆளும் பேட்ரியார்க் என்ற பெரியவர் ஒரு பேரம் பேசுகிறார்: அவருக்கு எதிராகத் திரும்பிய மூன்று பிள்ளைகளையும் உயிரோடு பிடித்துக் கொடுத்தால், அரிசோனாவுக்கு வேண்டிய பொருள்களை அனுப்புவார். அந்த வேலைக்குப் போகும் படைக்கு நீங்கள்தான் தலைமை.

நேரத்தில் பாதி, பேச்சும் முடிவெடுப்பதும். மறுபாதி, முறை வைத்து ஆடும் சண்டை. உங்கள் ஆறு பேரும் ஆடி முடித்த பிறகு எதிரிகள் அனைவரும் ஆடுவார்கள். விரல் வேகம் தேவையில்லை. பொறுமையும் வாசிக்கும் பழக்கமும் வேண்டும். தமிழ் மொழிபெயர்ப்பு கிடையாது. ஆனால் உரையாடல் முழுவதும் குரலோடு வருவதால், ஆங்கிலம் ஓரளவு தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே வாசித்துப் பின்தொடரலாம். பந்தய விளையாட்டின் பரபரப்பை எதிர்பார்த்தால் முதல் மணி நேரத்திலேயே சலித்துவிடும். கதை கேட்கும் ஆசை இருந்தால் தாராளமாக வாங்குங்கள்.

ஆத்தூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: சில சண்டைகளில் எதிரிகள் ஒரே சுற்றில் என் பாதி அணியைச் சாய்த்துவிடுகிறார்கள். அதே சண்டையைத் திரும்ப ஆடினால் நான் அவர்களை ஒரே சுற்றில் முடித்துவிடுகிறேன். நான் தவறாக ஆடுகிறேனா?

இல்லை தம்பி, உங்கள் ஆட்டத்தில் தவறில்லை. இந்த விளையாட்டின் மிகப் பெரிய பலவீனத்தைத்தான் நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

வேஸ்ட்லேண்ட் 2-இல் ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனி வரிசை இருந்தது. உங்கள் ஆள் ஒருவர், எதிரி ஒருவர் என்று மாறி மாறி வரும். மூன்றாம் பாகத்தில் அதை மாற்றி, ஒரு பக்கம் முழுவதும் ஆடிய பிறகு மறுபக்கம் என்று வைத்துவிட்டார்கள். இதில் ஒரு பெரிய இன்பம் இருக்கிறது. ஒருவரைப் பாதி நகர்த்திவிட்டு, இன்னொருவரைச் சுடவைத்து, மீண்டும் முதல் ஆளிடம் திரும்பலாம். ஆறு பேரையும் கோத்து ஒரு திட்டத்தை நிறைவேற்றும்போது கிடைக்கும் நிறைவை வேறு பல விளையாட்டுகள் தருவதில்லை. ஆனால் அதே விதி எதிரிக்கும் பொருந்தும். எட்டுப் பேர் சேர்ந்து ஒரே மூச்சில் சுட்டால் எந்த மறைவும் தாங்காது. ஆக, முதலில் ஆடுபவர் கை ஓங்குகிறது. பின்பாதியில் நல்ல ஆயுதங்கள் கிடைத்த பிறகு இது இன்னும் கூடும். எதிரி ஒருமுறைகூட ஆடாமல் பல சண்டைகள் முடிந்துபோகும். வெற்றிதான், ஆனால் தந்திரத்துக்கு அங்கே வேலை இல்லாமல் போகிறது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். எதிரிக் கூட்டம் தூரத்தில் தெரிந்தவுடன் நில்லுங்கள். அவர்கள் இன்னும் உங்களைக் கவனிக்கவில்லை. ஸ்னைப்பர் வைத்திருப்பவரை மேடான இடத்துக்கு ஏற்றுங்கள். ஷாட்கன் ஆளைப் பக்கவாட்டில் ஒரு சுவர் மறைவுக்கு அனுப்புங்கள். மற்றவர்களைச் சிதறி நிறுத்துங்கள். ஒரே இடத்தில் குவிந்து நின்றால் ஒரு கையெறி குண்டு போதும். இவ்வளவும் முடிந்த பிறகு, எதிரிகளில் மிகவும் ஆபத்தானவரைக் குறிவைத்து நீங்களே முதல் குண்டைச் சுடுங்கள். சண்டையை நீங்கள் தொடங்கினால் ஆட்டம் உங்கள் பக்கத்திலிருந்து தொடங்கும். பேசப் போன இடத்தில் பேச்சு முறிந்து வெடிக்கும் சண்டைகள்தான் சிக்கல். பேசப் போகும்போது தலைவரை மட்டும் முன்னே அனுப்பிவிட்டு, மற்றவர்களை முன்கூட்டியே மறைவில் நிறுத்தும் பழக்கத்தை ஏற்படுத்திக்கொள்ளுங்கள்.

சூரமங்கலம் வாசகர்: அணியை எப்படி அமைப்பது? திறமைப் பட்டியலைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது.

நீங்கள் உருவாக்கும் ரேஞ்சர்கள் நால்வர், வழியில் சேரும் துணையாள்கள் இருவர், ஆக மொத்தம் ஆறு பேர். ஒரு திறமையை ஒருவரே கற்க வேண்டும் என்பதுதான் அடிப்படை. ஒருவருக்குப் பூட்டு திறக்கத் தெரிந்தால் போதும், இரண்டாமவருக்கு அதற்குப் புள்ளி செலவழிப்பது வீண். திறமை உயர உயர அடுத்த படிக்கு ஆகும் புள்ளியும் கூடும். அதனால் எல்லோருக்கும் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் கொடுக்கும் அணி நடுவழியில் திணறும்.

பூட்டுத் திறத்தல், கணினிகளையும் எந்திரங்களையும் வசப்படுத்தும் நெர்ட் ஸ்டஃப், முதலுதவி ஆகியவை கட்டாயம். மிரட்டிப் பேசுவது, நயந்து பேசுவது என்ற இரண்டு பேச்சுத் திறமைகளையும் ஒருவரிடமே குவிக்காமல் இருவருக்குப் பிரித்துக் கொடுங்கள். கதையின் பெரிய திருப்பங்கள் பலவற்றில் புதிய வாசலைத் திறப்பவை இவைதான். துப்பாக்கியைத் தொடாமலே முடிக்கக்கூடிய மோதல்கள் இதில் நிறைய உண்டு. அது இந்த விளையாட்டின் பெருமை.

தோட்டா வகை ஒன்றாகவே இருக்கும்படி நான்கைந்து பேருக்கும் ஒரே வகைத் துப்பாக்கி கொடுத்துவிடாதீர்கள். தொடக்கத்தில் தோட்டாவுக்குப் பஞ்சம்.

கொண்டலாம்பட்டி வாசகர்: டோஸ்டர் பழுது பார்க்கும் திறமை எதற்கு?

உலகம் முழுவதும் ஆங்காங்கே பழுதான டோஸ்டர்கள் கிடக்கின்றன. சரிசெய்தால் உள்ளிருந்து அரிய பொருள்கள் கிடைக்கும். யாராவது ஒருவருக்குக் கொடுங்கள், பலன் உண்டு.

ஏற்காடு வாசகர்: மழைக்காலத்தில் இங்கே மின்சாரமும் இணையமும் அடிக்கடி போய்விடுகின்றன. நானும் கோவையில் இருக்கும் என் மாமா பையனும் சேர்ந்து ஆட நினைக்கிறோம். பிழைகள் நிறைய என்று கேள்விப்பட்டோம்.

இருவர் இணையம் வழியாகச் சேர்ந்து ஆடலாம். அணியைப் பங்கிட்டுக்கொண்டு, ஒரே கதையில் ஆளுக்கொரு முடிவை எடுப்பது அருமையான அனுபவம். ஆனால் வெளிவந்த காலத்தில் மிகவும் அடிவாங்கிய பகுதியும் இதுதான். இணைப்பு அறுவது, ஒருவர் திரையில் இருப்பது இன்னொருவர் திரையில் இல்லாமல் போவது என்று புகார்கள் குவிந்தன. அதன்பின் வந்த திருத்தங்களால் நிலைமை எவ்வளவோ மேம்பட்டது. இருந்தாலும் இணைப்பு நிலையாக இல்லாத மலைப்பகுதியில் இருக்கும் உங்களுக்கு என் ஆலோசனை: முதல் ஆட்டத்தைத் தனியாக ஆடுங்கள். ஒவ்வொரு பெரிய உரையாடலுக்கு முன்னும் சேவ் செய்யுங்கள். ஒரே கோப்பின் மேல் எழுதாமல், மூன்று நான்கு கோப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள்.

இடம் மாறும்போதெல்லாம் லோடு ஆகக் காத்திருப்பது இன்னொரு எரிச்சல். கணினியில் எஸ்எஸ்டி என்ற வேகமான சேமிப்பகம் இருந்தால் அது பெருமளவு குறையும். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஆடினால், ஊருக்குள் ஒரு கடைக்குப் போய்வருவதற்குள் பொறுமை போய்விடும்.

ஓமலூர் வாசகர்: ரேடியோவில் ஒரே நேரத்தில் இரண்டு இடங்களிலிருந்து உதவி கேட்கிறார்கள். இருவரையும் காப்பாற்ற வழி இருக்கிறதா? இரண்டு நாளாக யோசிக்கிறேன்.

இல்லை. இப்படி இரண்டு நாள் யோசிக்கவைத்ததே இந்த விளையாட்டின் ஆகப் பெரிய பலம் என்பேன்.

நீங்கள் சொல்வது ஹூன் குடும்பத்தின் பண்ணை வீட்டையும், பவர் ஆர்மர் ஏற்றிவரும் அரபஹோ வண்டிகளையும். ஒரு பக்கம் ஒரு குடும்பத்தின் உயிர். மறுபக்கம், தீயவர் கையில் சிக்கினால் இன்னும் எத்தனை குடும்பங்களைப் பலிகொள்ளும் என்று சொல்ல முடியாத போர்க்கவசங்கள். ஒன்றுக்குப் போனால் மற்றது போய்விடும். எந்தத் திறமையாலும் அதை மாற்ற முடியாது.

பல விளையாட்டுகளில் நல்லவன் பாதை, கெட்டவன் பாதை என்று இரண்டு வண்ணம் பூசி வைத்திருப்பார்கள். இங்கே இரண்டு பக்கமும் நியாயம் நிற்கிறது, இரண்டு பக்கமும் இழப்பு நிற்கிறது. நீங்கள் யாருக்கு உதவினீர்கள் என்பதை ஊர் நினைவில் வைத்திருக்கும். ஒரு தரப்பிடம் மதிப்பு ஏறினால் இன்னொரு தரப்பிடம் இறங்கும். இணையத்தில் 'சரியான விடை' தேடாதீர்கள். மனம் சொல்வதைச் செய்துவிட்டு, அதன் விளைவோடு ஆட்டத்தைத் தொடருங்கள். பழைய சேவுக்குத் திரும்பிப் போகவேண்டாம்.

இரும்பாலைப் பகுதி வாசகர்: எஃகு ஆலையை மையமாக வைத்து ஒரு கூடுதல் அத்தியாயம் இருப்பதாக நண்பர் சொன்னார். ஆலைத் தொழிலாளியின் மகன் என்பதால் கேட்கிறேன். வாங்கத் தகுந்ததா?

வாங்கத் தகுந்தது. 2021 ஜூனில் வந்த 'தி பேட்டில் ஆஃப் ஸ்டீல்டவுன்' அது. கொலராடோவுக்குத் தேவையான எந்திரங்களைச் செய்யும் ஆலையில் வேலை நின்றுவிட்டது. உள்ளே வேலைநிறுத்தம், வாசலில் கொள்ளைக்காரர்கள், மேலே உற்பத்தியை மட்டுமே பார்க்கும் நிர்வாகம். நடுவில் நீங்கள். இரும்பாலைக் குடியிருப்பில் வளர்ந்த உங்களுக்கு, அந்தத் தொழிலாளர்கள் பேசும் வேலைநேரமும் கூலியும் நெருக்கமாகவே கேட்கும். எதிரே நிற்பவர்கள் தொழிலாளிகள் என்பதால் அவர்களைக் கொல்லாமல் மடக்குவதற்கான ஆயுதங்களையும் சேர்த்திருக்கிறார்கள். கதை கேட்கும் கேள்வியைச் சண்டை விதிக்குள்ளேயே கொண்டுவந்த அந்த யோசனையை மனதாரப் பாராட்டுகிறேன். குறை என்றால், அளவில் சிறியது. முக்கியக் கதையை முடித்த பிறகு ஆடும் தனிக்கதையும் அல்ல, நடுவிலேயே போய்வர வேண்டும்.

அதே ஆண்டு அக்டோபரில் வந்த இரண்டாவது அத்தியாயம் செயென் மலைக்குள் நடக்கிறது. உறைந்து நிற்கும் அணு வெடிப்பைத் தெய்வமாக வணங்கும் கூட்டங்களின் கதை. கற்பனை வளம் அபாரம். ஆனால் சண்டைகளில் எதிரிகள் வந்துகொண்டே இருப்பார்கள் என்பதால் அலுப்புத் தட்டுகிறது. முதல் அத்தியாயத்தை மட்டும் வாங்கினால் போதும்.

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஒரு தாய்: என் மகனுக்குப் பதின்மூன்று வயது. பள்ளி நண்பன் சொன்னான் என்று இதைக் கேட்கிறான். அனுமதிக்கலாமா?

வேண்டாம் அக்கா. இது பெரியவர்களுக்கான விளையாட்டு. ஐரோப்பியத் தரக்குறியீட்டில் பதினெட்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு என்று போட்டிருக்கிறார்கள். ரத்தம், சித்திரவதை, போதைப் பொருள், கெட்ட வார்த்தை எல்லாம் வெளிப்படையாக வரும். திறமைகளின் பெயர்களிலேயே அப்படிப்பட்ட சொற்கள் உண்டு. முறை வைத்து ஆடும் தந்திர விளையாட்டு பையனுக்குப் பிடிக்கும் என்றால், இப்போதைக்குச் சதுரங்கத்தில் விடுங்கள்.

மேட்டூர் வாசகர்: 2001-இல் வந்த ஃபால்அவுட் டாக்டிக்ஸை ஆடி வளர்ந்தவன் நான். இது அதைவிட மேலா?

ஐயா, இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். 1988-இல் இன்டர்பிளே நிறுவனம் உருவாக்கிய முதல் வேஸ்ட்லேண்டின் உரிமை அவர்கள் கையில் இல்லாததால்தான் 1997-இல் ஃபால்அவுட் பிறந்தது. அதன் கிளைதான் உங்கள் டாக்டிக்ஸ். இன்டர்பிளேயைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிரையன் ஃபார்கோதான் பிற்பாடு இன்எக்ஸைலையும் நிறுவினார்.

சண்டை நுணுக்கம் என்று மட்டும் பார்த்தால் உங்கள் பழைய விளையாட்டுக்கே என் ஓட்டு. நிற்பது, குனிவது, படுப்பது என்று உடல்நிலை மாற்றிச் சுடும் வசதி அதில் இருந்தது. இங்கே அது இல்லை. ஆனால் டாக்டிக்ஸில் ஒரு பணி முடிந்தால் அடுத்த பணி, அவ்வளவுதான். பேசி மாற்றக்கூடியது குறைவு. வேஸ்ட்லேண்ட் 3-இல் உங்கள் சொல்லுக்கு எடை உண்டு.

தாரமங்கலம் வாசகர்: கடைசியாக ஒன்று. பேட்ரியார்க் நல்லவரா, கெட்டவரா? அவருக்குத் துணை நிற்கலாமா?

முடிவைச் சொல்லிவிடமாட்டேன். அவர் இருப்பதால்தான் கொலராடோ ஸ்பிரிங்ஸில் விளக்கு எரிகிறது, சந்தை நடக்கிறது. அதே நகரத்தில் நூறு குடும்பங்கள் என்ற பழைய குடியினர் வசதியாக வாழ, அகதிகள் குளிரில் கிடக்கிறார்கள். அவருக்கு உதவினால் அரிசோனாவில் உங்கள் மக்கள் பிழைப்பார்கள். எதிர்த்தால் அந்த மக்களின் சோற்றில் நீங்களே கைவைத்தவராவீர்கள். எழுத்தாளர்கள் அவரை அரக்கனாகவும் காட்டவில்லை, தியாகியாகவும் காட்டவில்லை. அவருடைய பிள்ளைகள் மூவரையும் சந்தித்து, அவர்கள் தந்தையைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதை முழுதாகக் கேளுங்கள். உரையாடலை அவசரமாகத் தாண்டாதீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் எந்தப் பக்கம் நின்றீர்கள், ஏன் நின்றீர்கள் என்று எழுதி அனுப்புங்கள். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு மிகவும் ஆவல்.