ஒரே விமானம், மூன்று விலை: எந்த டிக்கட்டை எடுப்பது?

கேள்வி: தலவாக்கலையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவையும் அப்பாவையும் கல்கரியில் இருக்கும் தங்கச்சியிடம் அனுப்ப வேண்டும். கனடா விசா கிடைத்துவிட்டது. கட்டுநாயக்க, டுபாய், டொரொன்டோ, கல்கரி என்ற ஒரே பயணம் இணையத்தில் எமிரேட்ஸ் இலக்கத்தில் ஒரு விலைக்கும் எயார் கனடா இலக்கத்தில் வேறு விலைக்கும் வருகிறது. புறப்படும் நேரம்கூட ஒன்றுதான். சென்னைக்கு ஒரு டிக்கட், அங்கிருந்து பிராங்க்பர்ட் வழியாகக் கல்கரிக்கு இன்னொரு டிக்கட் என்று பிரித்து எடுத்தால் நல்ல மலிவு. ஹட்டனில் ஒரு ஏஜென்சிக்காரர் எல்லாவற்றையும் விடக் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார். எதை எடுப்பது? இருவருக்கும் ஆங்கிலம் அவ்வளவாக வராது.

பதில்: கட்டுநாயக்கவிலிருந்து கல்கரி வரை ஒரே டிக்கட்டாக, எமிரேட்ஸ் இலக்கத்தில் எடுங்கள். மற்றதோடு ஒப்பிடும்போது விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. சென்னை வழியை இவர்கள் இருவருக்கும் வேண்டாம் என்றே சொல்வோம். ஏஜென்சிக்காரரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

ஒரு விமானத்தை ஓட்டுகிற கம்பனி ஒன்று. அதே விமானத்தின் ஆசனங்களைத் தன் இலக்கத்தைப் போட்டு விற்கிற கம்பனி இன்னொன்றாக இருக்கலாம். இதைத்தான் கோட்ஷெயார் என்கிறார்கள். எமிரேட்சும் எயார் கனடாவும் 2022 முதல் இப்படிக் கூட்டாளிகள். எமிரேட்ஸ் கல்கரிக்குப் பறப்பதில்லை. டொரொன்டோவிலிருந்து கல்கரிக்குக் கொண்டுபோவது எயார் கனடா. எயார் கனடா கொழும்புக்குப் பறப்பதில்லை. அந்தப் பக்கத்தை எமிரேட்ஸ் பார்த்துக்கொள்கிறது. நம் தேசிய விமான சேவையும் இப்படித்தான். ஸ்ரீலங்கன் 2014 மே முதல் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் இருக்கிறது. கட்டார் எயார்வேஸ், பிரிட்டிஷ் எயார்வேஸ், மலேசியா எயார்லைன்ஸ் எல்லாம் அதே கூட்டணிதான். அதனால் ஸ்ரீலங்கனில் லண்டன் போய் அங்கிருந்து பிரிட்டிஷ் எயார்வேசில் கனடா போகும் வழியையும் ஒரு தடவை பார்த்து வையுங்கள்.

விலை ஏன் மாறுகிறது? ஒவ்வொரு கம்பனியும் தன் கட்டணத்தைத் தானே வகுக்கிறது. சாதாரண வகுப்பு என்று நாம் சொல்வதற்குள்ளேயே பத்துக்கு மேற்பட்ட விலைப் படிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்து. ஓட்டுகிற கம்பனி தன் மலிவுப் படிகள் எல்லாவற்றையும் கூட்டாளிக்குத் திறந்துவிடுவதில்லை. அதனால் ஒருவரிடம் மலிவுப் படி முடிந்திருக்கும், மற்றவரிடம் மிச்சம் இருக்கும். அடிப்படைக் கட்டணத்துக்கு மேல் கம்பனி போடுகிற மேலதிகக் கட்டணமும் வேறுபடும். விமான நிலைய வரிகள் மட்டும் யாரிடம் வாங்கினாலும் ஏறக்குறைய ஒன்றுதான்.

பலர் கவனிக்காத ஒன்று: இரண்டு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது மலிவுப் படியில் ஓர் ஆசனம்தான் மிச்சம் என்றால், கணினி இருவருக்குமே அடுத்த படியின் விலையைக் காட்டும். அதனால் முதலில் ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். வித்தியாசம் பெரிதாக இருந்தால் தனித்தனியாகப் பதிந்து, பின் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்து இரண்டு பதிவுகளையும் இணைத்துவிடச் சொல்லலாம். ஆனால் வயதானவர்களுக்கு ஒரே பதிவில் இருப்பதுதான் நிம்மதி. விமானம் ரத்தாகி மாற்றிப் போடும்போது ஒரே பதிவில் உள்ளவர்களைச் சேர்த்தே மாற்றுவார்கள்.

ஒப்பிடும் வேலையை ஒரே இருப்பில் செய்துவிடுங்கள். காலையில் பார்த்த விலையையும் இரவில் பார்த்த விலையையும் பக்கத்தில் வைத்தால் எதுவும் விளங்காது. கூகுள் பிளைட்ஸ் அல்லது ஸ்கைஸ்கேனரில் போகும் நாள், வரும் நாள் இரண்டுக்கும் முன்பின் மூன்று நாட்களைப் பாருங்கள். பிடித்த பயணத்தின் விமான இலக்கங்களையும், அதன் கீழே சின்ன எழுத்தில் ‘யார் ஓட்டுகிறார்கள்’ என்று போட்டிருப்பதையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு கம்பனிகளின் சொந்த இணையத்தளங்களுக்கும் போய் அதே விமானங்களைத் தெரிவுசெய்து, காசு கட்டும் பக்கத்துக்கு முந்திய பக்கம் வரை போங்கள். அங்கே வருவதுதான் உண்மையான விலை. அதற்குப் பக்கத்தில் எத்தனை பொதி, திகதி மாற்ற எவ்வளவு, ரத்துச் செய்தால் எவ்வளவு திரும்பும், பயணத்துக்கு வராமல் விட்டால் எவ்வளவு வெட்டுவார்கள் என்ற நான்கையும் எழுதுங்கள். பெற்றோர் பிள்ளையிடம் போகும் பயணத்தில் திரும்பும் திகதி மாறுவது சாதாரணம். பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் இன்னும் இரண்டு கிழமை நிற்பார்கள். ஆகவே மாற்றவே முடியாத மலிவு டிக்கட் இவர்களுக்குச் சரிவராது.

பொதியில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் 25, 30 கிலோ என்று மொத்த எடையில் கணக்குப் போட்டுப் பழகியவர்கள். கனடாவுக்குக் கணக்கு பொதி எண்ணிக்கையில். சாதாரண வகுப்பில் ஒரு பொதி 23 கிலோ. எத்தனை பொதி என்பது நீங்கள் எடுக்கும் கட்டண வகையைப் பொறுத்தது. 46 கிலோவை 30, 16 என்று பிரித்துக் கட்டினால் 30 கிலோப் பொதிக்குத் தனியாகக் காசு கேட்பார்கள். இரண்டு கம்பனி சேர்ந்த பயணத்தில் யாருடைய விதி செல்லும் என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். ஒரே டிக்கட்டில் கனடாவுக்குப் போகிற அல்லது அங்கிருந்து புறப்படுகிற பயணம் என்றால், 2015 ஏப்ரல் முதல் கனடாவின் விதிப்படி முழுப் பயணத்துக்கும் ஒரே கம்பனியின் பொதி விதிதான். அதை டிக்கட் பற்றுச்சீட்டில் எழுதியும் தர வேண்டும். அந்த வரியைத் தேடிப் பிடித்து அச்செடுத்து வையுங்கள். டொரொன்டோ கவுண்டரில் யாராவது வேறு கணக்குச் சொன்னால் அந்தத் தாளைக் காட்டலாம்.

இனி, எமிரேட்ஸ் இலக்கத்தில் எடுங்கள் என்று சொன்னதற்கான காரணம். டிக்கட்டைப் போட்ட கம்பனிக்குத்தான் அதை மாற்றும் அதிகாரம் முழுமையாக உண்டு. கட்டுநாயக்கவிலிருந்து டுபாய், டுபாயிலிருந்து டொரொன்டோ என்ற இரண்டு பெரிய துண்டுகளையும் ஓட்டுவது எமிரேட்ஸ். அதே எமிரேட்ஸ் டிக்கட்டையும் போட்டிருந்தால், பிரச்சினை எழும் இடத்தில் நிற்கும் அதிகாரியாலேயே அதைத் தீர்க்க முடியும். எயார் கனடா போட்ட டிக்கட் என்றால் கட்டுநாயக்கவில் நிற்பவர், “டிக்கட் போட்டவரிடம் கேளுங்கள்” என்று சொல்ல இடம் உண்டு. அந்த நேரத்தில் கனடாவுக்குத் தொலைபேசி எடுக்க அம்மாவால் முடியாது. தங்கச்சி அங்கிருந்தே எடுத்து, அவரே எல்லாத் தொடர்பையும் பார்த்துக்கொள்வார், விலையும் நன்றாகக் குறைகிறது என்றால் எயார் கனடா டிக்கட்டும் தவறில்லை.

டிக்கட்டை யார் போட்டது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பற்றுச்சீட்டில் 13 இலக்கங்கள் கொண்ட ஒரு டிக்கட் எண் இருக்கும். முதல் மூன்று இலக்கங்களைப் பாருங்கள். 176 என்றால் எமிரேட்ஸ், 014 எயார் கனடா, 603 ஸ்ரீலங்கன், 157 கட்டார், 125 பிரிட்டிஷ் எயார்வேஸ். ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த பதிவு இலக்கம் வேறு விஷயம். அது ஆசனம் ஒதுக்கியதைத்தான் காட்டும், காசு கட்டி டிக்கட் போட்டதைக் காட்டாது. கூட்டாளிப் பயணத்தில் ஒவ்வொரு கம்பனிக்கும் தனித்தனிப் பதிவு இலக்கம் இருக்கும். எமிரேட்சின் இலக்கத்தை எயார் கனடா தளத்தில் போட்டால் பல வேளை ஒன்றும் வராது. தொலைபேசியில் மற்றக் கம்பனியின் இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். கல்கரித் துண்டுக்கு ஆசனம் தெரிவுசெய்ய அதுதான் தேவை.

நேரம் மாறும்போது வரும் ஒரு சிக்கல் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முன்னரே டிக்கட் எடுத்தால், இடையில் ஏதாவது ஒரு துண்டின் நேரத்தைக் கம்பனி மாற்றக்கூடும். பதிவில் புது நேரம் வந்துவிடும். டிக்கட்டில் பழைய விமானமே நிற்கும். வீட்டில் கணினியில் பார்த்தால் எல்லாம் சரியாகத் தெரியும். கவுண்டரில்தான் பதிவும் டிக்கட்டும் ஒத்துப்போகவில்லை என்று நிறுத்துவார்கள். ஆகவே நேரமாற்ற மின்னஞ்சல் வந்தவுடன் ‘சரி’ என்று அழுத்திவிட்டு இருந்துவிடாதீர்கள். டிக்கட் போட்ட கம்பனியிடம், “டிக்கட்டைப் புது விமானத்துக்கு மாற்றிப் போட்டுவிட்டீர்களா?” என்று கேட்டு, புதுப் பற்றுச்சீட்டை வாங்குங்கள். பயணத்துக்கு மூன்று நாள் முன்னரும் ஒரு தடவை பாருங்கள்.

பெயர் விஷயத்தில் மலையகக் குடும்பங்கள் மிகக் கவனமாக இருக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்துக்கூட்டல், அடையாள அட்டையில் இன்னொன்று, தோட்டப் பதிவில் மூன்றாவது என்று இருப்பது நமக்குத் தெரியாததல்ல. டிக்கட்டுக்குக் கடவுச்சீட்டு ஒன்றே கணக்கு. படம் உள்ள பக்கத்தின் அடியில், இயந்திரம் வாசிக்கும் இரண்டு வரிகளில் மேல் வரியைப் பாருங்கள். நாட்டின் மூன்று எழுத்துக்குப் பின் குடும்பப் பெயர், அதன்பின் அம்பு முனை போன்ற இரண்டு குறிகள், பிறகு மற்றப் பெயர்கள். டிக்கட்டிலும் அதே ஒழுங்கு, அதே எழுத்துகள். முத்தையாவில் ஓர் ‘எச்’ கூடினாலும் குறைந்தாலும் ஒரே கம்பனி டிக்கட்டில் எளிதாகத் திருத்தலாம். இரண்டு கம்பனி சேர்ந்ததில் பல வேளை ரத்துச் செய்து புதிதாகப் போட வேண்டிவரும். அதற்குள் மலிவுப் படி போயிருக்கும். காசு கட்டும் முன் கடவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்த்துவிடுங்கள்.

சென்னை வழி மலிவாகத் தெரிவதற்குக் காரணம், அது இரண்டு தனிப் பயணங்கள் என்பதுதான். முதல் டிக்கட் சென்னையோடு முடிகிறது. பொதியும் அங்கேயே இறங்கும். அதை எடுக்க இந்தியக் குடிவரவைத் தாண்ட வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டுக்கு அதற்கு இந்திய விசா வேண்டும். விசா இல்லையென்றால் கட்டுநாயக்கவிலேயே ஏற்றமாட்டார்கள். விசா எடுத்தாலும், சென்னை விமானம் பிந்தி அடுத்தது போய்விட்டால் இரண்டாவது கம்பனிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. அந்த இரண்டாவது டிக்கட்டின் முதல் துண்டுக்கு வரவில்லை என்று மிச்சத்தையும், திரும்பும் டிக்கட்டையும் சேர்த்தே வெட்டிவிடுவார்கள். ஐரோப்பா வழியில் இன்னொன்று: விமான நிலையத்துக்குள்ளேயே மாறுவதற்குக்கூட ஷெங்கன் நாடுகளும் பிரித்தானியாவும் இலங்கையரிடம் இடைவழி விசா கேட்கின்றன. செல்லுபடியான கனடா விசா உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. திரும்பி வரும் நாளிலும் அந்த விலக்குப் பொருந்துமா என்று டிக்கட் எடுக்கும் முன்பே அந்தந்த நாட்டின் அரசாங்கத் தளத்தில் பாருங்கள்.

ஏஜென்சிக்காரரைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. இணையத்தில் வராத கட்டணங்கள் சில ஏஜென்சிகளுக்குக் கிடைப்பது உண்மை. பதிவைக் காசு கட்டாமல் சில நாள் பிடித்து வைக்கவும் அவர்களால் முடியும். ஆனால் அந்தத் தவணைக்குள் டிக்கட் போடாவிட்டால் கம்பனி பதிவைத் தானாகவே அழித்துவிடும். ஆகவே பயண விபரத் தாளைப் பார்த்து முழுக் காசையும் கொடுக்காதீர்கள். 13 இலக்க எண்ணைக் கேளுங்கள். குடும்பப் பெயரையும் பதிவு இலக்கத்தையும் விமானக் கம்பனியின் சொந்தத் தளத்தில் போட்டு, டிக்கட் எண் அங்கே தெரிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிட்டு மிச்சத்தைக் கட்டுங்கள். திகதி மாற்றினால் கம்பனியின் கட்டணத்துக்கு மேல் ஏஜென்சி எவ்வளவு எடுக்கும் என்பதையும் எழுதி வாங்குங்கள். தங்கச்சி தன் கடனட்டையில் கட்டுவதானால் வேறொரு விஷயம்: சில கம்பனிகள் காசு கட்டிய அட்டையைக் கவுண்டரில் காட்டச் சொல்கின்றன. அட்டைக்குரியவர் பயணிக்கவில்லை என்பதை முன்கூட்டியே சொல்லி, தேவையான கடிதத்தை வாங்கி வையுங்கள்.

நேரத்தைத் தெரிவுசெய்யும்போது நம் மலையையும் கணக்கில் எடுங்கள். 15ஆம் திகதி அதிகாலை 3 மணி என்று போட்டிருந்தால் 14ஆம் திகதி பகலே வேன் புறப்பட வேண்டும். திகதியை மட்டும் பார்த்து ஒரு நாள் பிந்திப் போய் நிற்பது அடிக்கடி நடக்கிறது. மே, ஜூன் மழையில் கினிகத்தேனைப் பக்கம் மண் சரிந்தால் அவிசாவளைப் பாதை மணிக்கணக்கில் அடைபடும். அந்த மாதங்களில் முதல் நாளே நீர்கொழும்புப் பக்கம் தங்குவது நல்லது. டொரொன்டோவில் இறங்கியதும் குடிவரவும் சுங்கமும் அங்கேயே. பொதியில் கட்டும் அட்டையில் கல்கரியின் ‘வை வை சி’ எழுத்துகள் இருந்தாலும், டொரொன்டோவில் பொதியை எடுத்து மறுபடி போட வேண்டுமா என்று கட்டுநாயக்கவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். எமிரேட்சும் எயார் கனடாவும் அங்கே முதலாம் முனையத்திலேயே இயங்குவதால் அலைச்சல் குறைவு. என்றாலும் இடைவெளி 3 மணி நேரத்துக்குக் குறையாத பயணமாக எடுங்கள்.

கம்பனியின் தவறால் கல்கரிக்கு 3 மணி நேரத்துக்கு மேல் பிந்திப் போய்ச் சேர்ந்தால், 2019இல் வந்த கனடாவின் பயணிகள் பாதுகாப்பு விதிகளின் கீழ் பெரிய விமான சேவைகள் நட்டஈடு தர வேண்டும்: 3 முதல் 6 மணிக்குள் 400 கனடிய டொலர், 9 மணி வரை 700, அதற்கு மேல் 1000. தாமதமான துண்டை ஓட்டிய கம்பனியிடம் ஓராண்டுக்குள் கேட்க வேண்டும். ஏறும் சீட்டின் அடிக்கட்டைகளை எறிந்துவிட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லி வையுங்கள்.

சக்கர நாற்காலியை இப்போதே பதியுங்கள். நடக்க முடிந்தாலும் பரவாயில்லை. தூரம் நடக்க இயலாதவர்களுக்கென்றே ஒரு வகை இருக்கிறது, அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. உதவியாளர் ஒருவர் கூடவே வந்து குடிவரவு, பொதி, அடுத்த வாசல் எல்லாவற்றுக்கும் கூட்டிப்போவார். ஆங்கிலம் வராதவர்களுக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை. எமிரேட்சில் பதிந்தது எயார் கனடாவுக்குத் தானாகவே போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைக்காமல், புறப்படுவதற்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன் இரண்டு கம்பனிக்கும் தனித்தனியாகச் சொல்லி, இரண்டு துண்டிலும் பதிவாகியிருக்கிறதா என்று உறுதிப்படுத்துங்கள்.