மேடைச் செலவைக் குறையுங்கள், கலைஞர் சம்பளத்தை அல்ல

கேள்வி: நண்பர்கள் சேர்ந்து ஊரில் கட்டணமில்லாக் கிராமிய இசை விழா நடத்துகிறோம். பறை, நையாண்டி மேளம், வில்லுப்பாட்டு மூன்றும் உண்டு. மேடைக்கும் ஒலிபெருக்கிக்குமே வசூலில் பாதி போகிறது. எப்படிக் குறைப்பது?

பதில்: பறைக்கும் நையாண்டி மேளத்துக்கும் மேடை, மைக் இரண்டுமே வேண்டாம். அவை திறந்தவெளியில் வாசிப்பதற்கென்றே உருவானவை. நையாண்டி மேளத்தின் தவில், பம்பைக்கு மைக் வைத்தால் நாகஸ்வரம் அமுங்கி வெறும் இரைச்சல்தான் மிஞ்சும். முப்பதடிச் சதுரத்துக்குக் கயிறு கட்டி, மக்களைச் சுற்றி உட்காரவையுங்கள். கரகம் உண்டென்றால் கல், முள் பொறுக்கித் தரையைச் சமன்செய்ய வேண்டும், வெறுங்காலில் ஆடுவார்கள்.

வில்லுப்பாட்டுக்குத்தான் ஒலிபெருக்கி தேவை. கதையின் சொல் கேட்காவிட்டால் பத்து நிமிடத்தில் கூட்டம் கலைந்துவிடும். இரண்டடி உயரத் திண்ணை போதும். தலைமைப் பாடகருக்கு ஒரு மைக், பின்பாட்டுக்கு ஒன்று. குடத்துக்கும் உடுக்கைக்கும் சேர்த்து ஒன்று, ஒரு முழம் தள்ளி. ஸ்பீக்கர்கள் மைக்குகளுக்கு முன்னால், மக்களைப் பார்த்து நிற்கட்டும். பின்னால் வைத்தால் மைக் கூவும்.

பறையைக் காய்ச்சும் இடத்தைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். மார்கழி, தைப் பனியில் தோல் தளர்ந்து ஓசை மந்தமாகும். ஆட்டத்துக்கு முன்னும் இடையிலும் தீயில் காட்டியே ஆக வேண்டும். பந்தலிலிருந்து ஐம்பதடி தள்ளி, காற்று பந்தல் பக்கம் வீசாத இடமாகப் பாருங்கள். வைக்கோலோ காய்ந்த தென்னை ஓலையோ சேர்த்துவையுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர், காவலுக்கு ஒரு தன்னார்வலர். காய்ச்சும்போது அடித்துப் பார்ப்பார்கள், ஆகவே அதை வில்லுப்பாட்டு நேரத்தில் வைக்காதீர்கள்.

காவல்துறை அனுமதியை எழுத்தில் வாங்குங்கள். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி பொதுவெளியில் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மைக் இல்லாத இசைக்கருவிக்கும் அது பொருந்தும். எனவே பறையைக் கடைசியில் வைத்தாலும் 9.30-க்கு முடித்துவிடுங்கள்.

ஆடியிலும் பங்குனி, சித்திரையிலும் கோயில் கொடை விழாக்களுக்குக் கலைஞர்கள் போய்விடுவார்கள். அவர்களின் வருமானமே அந்த மாதங்கள்தான். அப்போது விழா வைத்துவிட்டுக் குறைந்த தொகைக்கு அழைப்பது நியாயமில்லை. இலவசம் என்பது பார்ப்பவருக்கு மட்டுமே. சம்பளம், வண்டிச் செலவு, சாப்பாடு மூன்றையும் குழுத்தலைவரிடம் முன்பே பேசி, மூன்றில் ஒரு பங்கை முன்பணமாகக் கொடுங்கள். மீதியை அன்றிரவே, அவர்கள் வண்டி ஏறுமுன் கையில் கொடுத்துவிட வேண்டும். கூட்டத்தில் துண்டேந்தி வரும் பணத்தை நம்பி எந்தத் தொகையும் பேசாதீர்கள்.