எச்.எஸ்.ஆர்.பி. கேள்வியில் தடுமாறிய மகள்: அடுத்த கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன்

கேள்வி: என் மகள் பி.இ., ஈ.சி.இ. முடித்து, சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. நெட்வொர்க் சான்றிதழ்த் தேர்விலும் தேறிவிட்டாள். நெட்வொர்க் வேலைக்கான இன்டர்வியூவில் வி.ஆர்.எஃப்., எச்.எஸ்.ஆர்.பி. பற்றிக் கேட்டதற்குத் திணறிவிட்டாளாம். ‘அட்வான்ஸ்டு கோர்ஸ்’ சேரச் சொல்கிறார்கள். பணம் கட்டலாமா?

பதில்: இப்போதைக்குக் கட்ட வேண்டாம் அம்மா. மகளைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். கேட்வே (பி.சி. வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) பழுதானால் இன்னொன்று பொறுப்பேற்க வைப்பதுதான் எச்.எஸ்.ஆர்.பி. அது எப்படி என்று விளக்கத் தெரிந்தாலே சி.சி.என்.ஏ.வுக்குப் போதும். அதைச் செய்து காட்டச் சொல்வதும், ஒரே கருவியில் ரூட்டிங்கைப் பிரிக்கும் வி.ஆர்.எஃப். வருவதும் அடுத்த படியான சி.சி.என்.பி.யின் 350-401 தேர்வில்தான். அவருக்குக் குறைவது கைப்பழக்கம். அது வீட்டிலேயே வரும். இனி எழுதுவது அவருக்கு. படிக்கக் கொடுத்துவிடுங்கள்.

கம்ப்யூட்டரிலேயே நெட்வொர்க் அமைத்துப் பழகும் மென்பொருளான சிஸ்கோ மாடலிங் லேப்ஸின் இலவசப் பதிப்பில் 5 கருவிகள் வரை ஓட்டலாம். லேயர் 3 ஸ்விட்ச் (ரூட்டிங்கும் செய்வது) இரண்டு, கீழே ஆக்சஸ் ஸ்விட்ச் (பி.சி.யை இணைப்பது) ஒன்று, மேலே ரவுட்டர் ஒன்று, ஒரு பி.சி. கணக்கு சரியாகிவிட்டது. சிஸ்கோவின் இன்னொரு பயிற்சி மென்பொருளான பாக்கெட் ட்ரேசர் எச்.எஸ்.ஆர்.பி. பழக உதவும், வி.ஆர்.எஃப்.புக்கு உதவாது.

ஒரே ஸ்விட்சுக்குள் தனித்தனி ரூட்டிங் டேபிள்கள் (எதை எந்த வழியில் அனுப்புவது என்னும் பட்டியல்கள்) வைப்பதுதான் வி.ஆர்.எஃப். ஆபீஸ், கெஸ்ட் என்று இரண்டு உருவாக்குங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஐபிவி4 அட்ரஸ் ஃபேமிலியைச் சேர்க்க மறந்தால், இன்டர்ஃபேஸ் பிறகு ஐபியை ஏற்காது. ஸ்விட்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க்தான் வீலான்; எண் 10 ஆபீஸுக்கு, எண் 20 கெஸ்டுக்கு. இன்டர்ஃபேஸில் முதலில் வி.ஆர்.எஃப்., அப்புறம்தான் ஐபி. மாற்றிச் செய்தால் ஏற்கெனவே இருந்த ஐபி அழிந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கில் தொலைவிலிருந்து லாகின் செய்து இப்படிச் செய்தால், உங்கள் இணைப்பும் சேர்ந்தே அறுந்துபோகலாம். டீஃபால்ட் ரூட்டும் (வேறு வழி தெரியாதபோது போகும் பாதை) ஒவ்வொரு வி.ஆர்.எஃப்.புக்கும் தனியாக வேண்டும். மேலே ரவுட்டருக்குப் போகும் லிங்க்கிலும் அதற்கென ஒரு வீலான் வேண்டும். எல்லாம் சரியாக இருந்தும், இணைப்பைச் சோதிக்கும் பிங் போகவில்லை என்றால், கமாண்டில் வி.ஆர்.எஃப். பெயரை விட்டிருப்பீர்கள். ஸ்விட்ச் பொது டேபிளில் தேடிக்கொண்டிருக்கும்.

இனி எச்.எஸ்.ஆர்.பி. வீலான் 10-இல் முதல் ஸ்விட்சுக்கு 10.10.10.2, இரண்டாவதற்கு 10.10.10.3, இரண்டும் பகிரும் முகவரி 10.10.10.1. பி.சி.யின் கேட்வே அந்த .1 தான். முதல் ஸ்விட்சுக்கு பிரையாரிட்டி 110 கொடுங்கள்; எண் பெரிதாக இருப்பதே ஆக்டிவ், அதாவது கேட்வே வேலையைச் செய்வது. மற்றது இயல்பான 100-இலேயே இருக்கட்டும்.

பலர் சறுக்குவது அப்லிங்க் (மேலே ரவுட்டருக்குப் போகும் லிங்க்) அறுந்த நேரத்தில்தான். அதைக் கண்காணிக்கும் டிராக்கிங் வைத்தால், அது அறும்போது பிரையாரிட்டி இயல்பாக 10 குறையும். 110, 100 ஆகி மற்றதோடு சமமாகிவிடும். மாறும் என்று நம்பி உட்கார முடியாது. 20 குறையும்படி வைத்தால் 90-க்கு இறங்கும். அப்போதும் மாறாவிட்டால், இரண்டாவது ஸ்விட்சில் ப்ரீஎம்ப்ட் (பிரையாரிட்டி கூடினால் இடத்தைப் பறிக்கும் அனுமதி) போட்டிருக்கிறதா என்று பாருங்கள். முதல் ஸ்விட்ச் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது, ‘இருக்கிறேன்’ என்னும் ஹலோ செய்தியும் அனுப்பிக்கொண்டிருக்கிறது. ப்ரீஎம்ப்ட் இல்லாத இரண்டாவது அதன் இடத்தைப் பறிக்காது. முதல் ஸ்விட்சில் மட்டும் ப்ரீஎம்ப்ட் போட்டு நிறுத்திவிடுவது மிகச் சாதாரணமான தவறு.

பி.சி.யிலிருந்து தொடர் பிங் ஓடவிட்டு, ஆக்டிவ் ஸ்விட்சின் வீலான் இன்டர்ஃபேஸை ஷட் செய்யுங்கள். அது ‘விலகுகிறேன்’ என்று செய்தி அனுப்பிவிட்டுப் போவதால் மற்றது உடனே ஏற்றுக்கொள்ளும். பிறகு ஸ்விட்சையே நிறுத்திப் பாருங்கள். ஹலோ 3 விநாடிக்கு ஒன்று, காத்திருப்பு 10 விநாடி. அதுவரை பிங்குக்குப் பதில் வராது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தவரை இன்டர்வியூ எடுப்பவர் உடனே கவனிப்பார்.

இரண்டு ஸ்விட்சும் ‘நானே ஆக்டிவ்’ என்றால் அவற்றின் ஹலோ ஒன்றையொன்று எட்டவில்லை. ட்ரங்கில் (பல வீலான்களைச் சுமக்கும் லிங்க்கில்) அந்த வீலான் விடுபட்டிருக்கும், அல்லது ஒன்றில் எச்.எஸ்.ஆர்.பி. வெர்ஷன் 1, மற்றதில் 2. ஸ்விட்சுகளுக்கிடையே சுழற்சி ஏற்படாமல் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீயின் ரூட் (தலைமை) ஸ்விட்சும் ஆக்டிவ் ஸ்விட்சும் ஒன்றாகவே இருக்கட்டும்; இல்லாவிட்டால் டிராஃபிக் வீணாகச் சுற்றிப் போகும்.

எச்.எஸ்.ஆர்.பி.யின் அதே வேலையைச் செய்யும் வி.ஆர்.ஆர்.பி.யையும் கேட்பார்கள். அது பொதுத் தரம், பல நிறுவனக் கருவிகளிலும் ஓடும். ப்ரீஎம்ப்ட் இயல்பாகவே இயங்கும், அறிவிப்பு 1 விநாடிக்கு ஒன்று. எச்.எஸ்.ஆர்.பி. சிஸ்கோவுடையது.

அம்மா, இதெல்லாம் செய்த பிறகும் கோர்ஸ் வேண்டும் என்று மகள் சொன்னால், பயிற்சி நிலையத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒவ்வொரு மாணவருக்கும் தனி லேப் உண்டா? வேண்டுமென்றே பழுதை உண்டாக்கி, கண்டுபிடிக்கச் சொல்வீர்களா? ஸ்லைடு காட்டுவதுதான் பாடம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். ரெஸ்யூமேயில் ‘வி.ஆர்.எஃப். தெரியும்’ என்று எழுதுவதைவிட, ‘2 வி.ஆர்.எஃப்., 2 லேயர் 3 ஸ்விட்ச், அப்லிங்க் டிராக்கிங்குடன் எச்.எஸ்.ஆர்.பி. லேப் அமைத்துச் சோதித்தேன்’ என்று எழுதச் சொல்லுங்கள். அடுத்த கேள்விகள் அந்த வரியிலிருந்தே வரும்.