கிளாரன்ஸ் வைட்: கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

கிடார் பற்றிய உங்கள் குறிப்பில் அமெரிக்கக் கிடார் கலைஞர் கிளாரன்ஸ் வைட் புளூகிராஸ், கன்ட்ரி ராக் என்ற இரண்டு இசைகளின் போக்கையே மாற்றியவர் என்று எழுதியிருந்தீர்கள். தேடிப்பிடித்துக் கேட்டேன். நன்றாகத்தான் வாசிக்கிறார். ஆனால் 29 வயதில் இறந்துவிட்டார், அதுவரை தன் பெயரில் ஒரு தனி ஆல்பம்கூட வெளியிடவில்லை. அவரைவிட வேகமாக வாசிக்கிற பையன்கள் இன்று எத்தனையோ பேர். கொஞ்சம் மிகையாகச் சொல்லிவிட்டீர்களோ?

ஒரு வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

மிகை இல்லை. நீங்கள் வேகத்தை வைத்துப் பார்க்கிறீர்கள், அப்படிப் பார்த்தால் இவர் பிடிபடவே மாட்டார்.

புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டார் பாணி இசையில் கிடாருக்கு முன்பு என்ன இடம் இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஃபிடில், பாஞ்சோ, மேண்டலின் மூன்றும் முறை வைத்து முன்னால் வந்து வாசிக்கும், கிடார் பின்னால் நின்று ரிதம் பிடிக்கும். டான் ரெனோ மாதிரி சிலர் எப்போதாவது லீட், அதாவது முன்னால் வந்து மெட்டு, வாசித்ததுண்டு, அவ்வளவுதான். கிளாரன்ஸ் 1944இல் மேய்ன் மாநிலத்தின் லூயிஸ்டனில், பிரெஞ்சு-கனடிய வேர் கொண்ட குடும்பத்தில் பிறந்தவர். 1954இல் குடும்பம் கலிஃபோர்னியாவின் பர்பேங்குக்குக் குடிபெயர்ந்தது. அங்கே அண்ணன் ரோலண்ட் மேண்டலின், இன்னொரு அண்ணன் எரிக் பாஸ், இவர் ரிதம் கிடார். 1961இல் ரோலண்டை ராணுவத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். மேண்டலின் இல்லாமல் போன அந்த இடத்தைத்தான் கிளாரன்ஸ் கிடாரால் நிரப்ப ஆரம்பித்தார். லாஸ் ஏஞ்சல்ஸின் ஆஷ் குரோவ் அரங்கில் கிடார் கலைஞர் டாக் வாட்சனைக் கேட்டது அதற்கு வழிகாட்டியது.

1964இல் கென்டக்கி கர்னல்ஸ் குழுவாக அவர்கள் வெளியிட்ட 'அப்பலாச்சியன் ஸ்விங்' முழுக்க வாத்திய இசை. அதில் கிடாரை மட்டும் தொடர்ந்து கேளுங்கள். அடி விழும் என்று நீங்கள் காத்திருக்கும் இடத்தில் அவர் வாசிக்க மாட்டார், அதற்குச் சற்று முன்பே நுழைந்துவிடுவார், அல்லது அந்த இடத்தை அப்படியே காலியாக விட்டுவிட்டு நாம் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்து வரியை முடிப்பார், ஆனால் தாளம் ஒரு இழைகூட நகராது. விரல் வேகம் பயிற்சியில் வந்துவிடும். எதை வாசிக்காமல் விடுவது என்ற தெளிவு அப்படி வருவதில்லை. அவருக்கு அது இருபது வயதிலேயே இருந்தது.

அப்புறம் பீட்டில்ஸ் அலை வந்தது. புளூகிராஸை நம்பிச் சாப்பிட முடியாத நிலை, 1965இல் கர்னல்ஸ் கலைந்தது. கிளாரன்ஸ் டெலிகாஸ்டர் என்ற மின் கிடாரை எடுத்துக்கொண்டு ஸ்டுடியோ வாசிப்புக்குப் போனார். 1967இல் பேர்ட்ஸ் என்ற ராக் குழுவின் ஆல்பத்தில் இரண்டு பாட்டுக்கு வாசித்தார், 1968இல் அந்தக் குழுவிலேயே சேர்ந்து 1973 வரை இருந்தார்.

தந்தியை இழுத்துச் சுரத்தை ஏற்றும் பி-பெண்டர் என்ற கருவி பிறந்தது இந்தக் காலத்தில்தான். பெடலை மிதித்துச் சுரத்தை மாற்றும் பெடல் ஸ்டீல் கிடாரில் ஒரு சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகும் இல்லையா, அது சாதாரண கிடாரில் வேண்டும் என்று கிளாரன்ஸ் விரும்பினார். இடது கை விரல்கள் எல்லாம் ஃபிரெட்டில் இருக்கும்போது தந்தியை இழுக்க மூன்றாவது கை வேண்டும். பேர்ட்ஸில் டிரம் வாசித்த ஜீன் பார்சன்ஸ் இயந்திர வேலையும் தெரிந்தவர், அவர் கிடாரின் உடலுக்குள் ஒரு நெம்புகோல் அமைப்பைப் பொருத்தி அதைத் தோள் வாரோடு இணைத்தார். கிடாரின் கழுத்தைக் கீழே அழுத்தினால் வார் இழுபடும், இரண்டாவது தந்தி பி-யிலிருந்து சி ஷார்ப்புக்கு ஏறும். ஜிம்மி பேஜ், ஆல்பர்ட் லீ போன்ற கிடார் கலைஞர்கள் எல்லாம் பிறகு இதைப் பயன்படுத்தினார்கள். அந்த முதல் டெலிகாஸ்டர் இப்போது கன்ட்ரி இசைக் கலைஞர் மார்ட்டி ஸ்டூவர்ட்டிடம் இருக்கிறது, அலமாரியில் பூட்டி வைக்காமல் மேடையில் வாசிக்கிறார் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

1973இல் சகோதரர்கள் மீண்டும் ஒன்றாக வாசிக்கத் தொடங்கியிருந்தார்கள். ஜூலையில் கலிஃபோர்னியாவின் பாம்டேலில் ஒரு கச்சேரி முடிந்து வாத்தியங்களை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, குடித்துவிட்டு ஓட்டி வந்த ஒருவரின் கார் மோதி கிளாரன்ஸ் இறந்தார். தனி ஆல்பத்துக்கான பதிவு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. தனி ஆல்பம் இல்லை என்பதை அவருடைய குறையாக நீங்கள் எழுதியபோது எனக்கு வருத்தமாக இருந்தது, அதனால்தான் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன அந்த வேகமான பையன்களுக்கு வருகிறேன். கிளாரன்ஸ் வாசித்த 1935ஆம் ஆண்டு மார்ட்டின் டி-28, ஒலித்துளை பெரிதாக்கப்பட்ட கிடார். சிறுவனாக லாஸ் ஏஞ்சல்ஸில் அவரைப் பார்த்து வளர்ந்த டோனி ரைஸ், 1975இல் அதைத் தேடிப்போய் 550 டாலருக்கு வாங்கினார். இன்று புளூகிராஸ் கிடார் கற்கும் யாரும் டோனி ரைஸைக் கடக்காமல் போக முடியாது, டோனியோ தன் வாசிப்பின் ஊற்று கிளாரன்ஸ் என்பதை ஒருபோதும் மறைத்ததில்லை. அந்தப் பையன்களின் கைகளில் இருப்பதில் பாதி இவருடையது.

1964 ஆல்பத்துக்குப் பிறகு, பேர்ட்ஸின் 1970 இரட்டை ஆல்பத்தில் இருக்கும் மேடைப் பதிவைக் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுதுங்கள், அப்போதும் மிகை என்று தோன்றினால் பேசுவோம்.